ஐநூறு பவுண்டு, ஒரு ஜன்னல்: சிசிலி சாண்டர்ஸ் அம்மாவின் வாழ்க்கை



இந்த மலருக்கு ஆளுக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதித் தரணும் என்று செயற்குழுவில் முடிவானது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாருக்கும் அன்னை தெரசாவுக்கும் உடனே ஆள் கிடைச்சாச்சு. நான் சிசிலி சாண்டர்ஸ் என்று பேர் சொன்னதும், அது யாருங்க என்று கேட்டாங்க. டாக்டருக்கும் நர்ஸுக்கும் படிக்கிறவங்க உலகம் முழுக்க அறிஞ்ச பேர் அது. நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிறேன். பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கப் போற வழியில், படுத்த படுக்கையா கிடக்கிறவங்க வீட்டுக்கு நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸோட சேர்ந்தும் போய் வருவேன். அந்த நர்ஸ் செய்யற வேலை எங்கே ஆரம்பிச்சது என்று கேட்டுக்கிட்டே போனால், அது இந்த அம்மாகிட்ட போய் நிக்குது. அதனால்தான் எழுதறேன்.

இனிமேல் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லபடியா வச்சுப் பாத்துக்கங்க. இந்த வார்த்தையை நம்மில் பல பேர் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்னு கேட்டிருப்போம். வீட்டுக்கு வந்த பிறகு எப்படிப் பாத்துக்கறது என்று யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த வார்த்தை சரியில்லை, செய்யறதுக்கு நிறைய இருக்கு என்று செய்து காட்டியவர் சிசிலி அம்மா.

அவர் பிறந்தது 1918 ஜூன் 22-ல், இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே உள்ள பார்னெட்டில். அப்பா வீடு, நிலம் வாங்கி விற்கிற தொழிலில் நல்லா சம்பாதிச்சவர். மூணு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர், பின்னால் ரெண்டு தம்பிங்க. பணத்துக்குக் குறைவில்லை. ஆனா அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகலை, கடைசியில் ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க. சிசிலியை விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாங்க. மற்ற பிள்ளைகளைவிட ரொம்ப உயரம், கூச்ச சுபாவம், சேர்த்திக்கு ஆள் கிடையாது. போதாததுக்கு முதுகெலும்பில் கோணல் வேற. ஒதுக்கி வைக்கப்பட்டவங்க பக்கம் தனக்கு மனசு சாயறதுக்கு அந்தப் பள்ளிக்கூட நாட்கள்தான் காரணம் என்று பிற்காலத்தில் அவரே நினைச்சிருக்கார்.

1938-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல், தத்துவம், பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தார். அடுத்த வருஷமே இரண்டாம் உலகப் போர் வந்துடுச்சு. ஊரெல்லாம் குண்டு விழப்போகுது, நான் புத்தகத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதா என்று அவருக்கு ஆகிப்போச்சு. 1940-ல் படிப்பைப் பாதியில் விட்டுட்டு, லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த நர்ஸ் பள்ளியில் சேர்ந்தார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஆரம்பிச்ச அதே பள்ளிதான். அந்த வேலை மனசுக்கு அவ்வளவு பிடிச்சிருந்தது. ஆனா நோயாளியைத் தூக்கி, புரட்டி, குனிஞ்சு நிமிர்ந்து செய்யற வேலையை அந்த முதுகு எத்தனை நாள் தாங்கும்? 1944-ல் தேர்ச்சி பெற்ற கொஞ்ச நாளிலேயே, இந்த வேலை இனி வேண்டாம் என்று டாக்டர்கள் நிறுத்திட்டாங்க.

வேற யாராவதா இருந்தா அத்தோட வீட்டில் உக்காந்திருப்பாங்க. இவர் திரும்ப ஆக்ஸ்போர்டுக்குப் போய் விட்ட படிப்பை முடிச்சு, மருத்துவமனை சமூகப் பணியாளராக 1947-ல் அதே செயின்ட் தாமஸுக்கு வந்து நின்னார். நோயாளியோட குடும்ப நிலைமை என்ன, வீட்டுக்குப் போனா யார் பாத்துப்பாங்க, வாடகைக்கு என்ன வழி என்று விசாரிச்சு உதவி செய்யற வேலை. நோயாளிக்குப் பின்னால் ஒரு வீடும் இருக்கு என்பதை அவர் கத்துக்கிட்டது இந்த வேலையில்தான்.

அந்த வருஷம் டேவிட் டாஸ்மா என்று ஒருத்தரைப் பார்த்தார். போலந்து நாட்டு யூதர், வார்சா நகரத்துக்காரர். லண்டனில் ஒரு ஹோட்டலில் சர்வராக வேலை. நாற்பது வயசு இருக்கும். பக்கத்தில் சொந்தபந்தம் கிடையாது. ஆபரேஷன் செய்ய முடியாத அளவுக்குப் புற்றுநோய் முத்திப்போச்சு. வாடகை அறையில் தனியா இருக்கிற மனுஷனுக்கு என்ன ஆகும் என்று தெரிஞ்சு, சிசிலி அவரை விடாமல் கவனிச்சுக்கிட்டார். 1948 ஆரம்பத்தில் அவர் வேறொரு ஆஸ்பத்திரியில் படுக்கையில் விழுந்ததும், அங்கேயும் அடிக்கடி போய் உக்காந்து பேசினார். சத்தமும் நெரிசலுமான பெரிய வார்டு அது. தன்னை மாதிரி ஆட்கள் வலி இல்லாமலும் தனிமை இல்லாமலும் கடைசி நாட்களைக் கழிக்க எப்படிப்பட்ட இடம் வேணும் என்று அவரும், அப்படி ஒரு இடத்தை நாமே கட்டினா என்ன என்று இவரும் பேசிப் பேசி ஒரு வீட்டையே மனசில் கட்டிட்டாங்க. ரெண்டு பேருக்கும் நடுவில் அன்பும் வளர்ந்துடுச்சு. அதை சிசிலி எப்பவும் மறைச்சதில்லை.

1948 பிப்ரவரி 25-ல் டேவிட் காலமானார். தன்கிட்ட இருந்த ஐநூறு பவுண்டை சிசிலி பேருக்கு எழுதி வச்சிருந்தார். நீ கட்டப்போற வீட்டில் நான் ஒரு ஜன்னலா இருந்துக்கறேன் என்கிற அர்த்தத்தில் கொடுத்த பணம். அன்னைக்கு நம்ம ரூபாய் கணக்கில் ஆறாயிரத்து அறுநூறு சொச்சம் வரும். ஒரு சர்வருக்கு அது வாழ்நாள் சேமிப்பு. ஒரு கட்டடம் கட்டறதுக்கு அது எந்த மூலைக்கு? ஆனா விதைநெல்லை யாரும் சாக்கு கணக்கில் பார்க்கறதில்லை. நம்ம குழு முதல் மாசச் சந்தாவை டின்னில் போட்டு எண்ணினப்போ என்ன தேறிச்சு என்று பழைய அக்காமாரைக் கேட்டுப் பாருங்க.

பகலில் ஆஸ்பத்திரி வேலை, சாயங்காலம் செயின்ட் லூக்ஸ் என்கிற இல்லத்தில் சம்பளம் இல்லாத நர்ஸ் வேலை என்று ஆரம்பிச்சார். லண்டனில் ஏழைகள் சாகும் தறுவாயில் வந்து சேருகிற இல்லம் அது. அங்கே ஒரு புதுமையைப் பார்த்தார். மற்ற ஆஸ்பத்திரிகளில் வலி தாங்காமல் கத்தினால்தான் ஊசி போடுவாங்க. இங்கே நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி இருக்கோ இல்லையோ, மார்பினை வாய்வழியா கொடுத்துட்டாங்க. நோயாளிங்க அமைதியா, தெளிவா, பேசிக்கிட்டு இருந்தாங்க. சின்ன விஷயம் மாதிரி தெரியும். இந்த அம்மாவோட வாழ்க்கையில் மீதி எல்லாமே இதிலிருந்து கிளம்பினதுதான்.

கொஞ்சம் விளக்கிச் சொல்லிடறேன், நம்ம வீடுகளுக்கும் இது தேவை. வலி திரும்ப வர்ற வரைக்கும் காத்திருந்தா, அது பொங்கி எழுந்த பிறகு அடக்க நிறைய மருந்து வேணும். நிறைய மருந்து போனா ஆள் மயங்கிக் கிடப்பார். மயக்கம் தெளியும்போது வலி மறுபடி நிக்கும். எப்ப வருமோ என்கிற பயமே பாதி வலி. நேரம் பார்த்து, முன்னாடியே, அளவா கொடுத்துட்டா குறைஞ்ச மருந்தே போதும், ஆள் முழிச்சிருப்பார். பால் பொங்கறதுக்கு முன்னாடி அடுப்பைத் தணிக்கிற வித்தைதான்.

இதைப் பெரிசா ஆராய்ச்சி செய்து எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகணும் என்று அவருக்கு ஆசை. அப்போ நார்மன் பாரெட் என்கிற அறுவை சிகிச்சை டாக்டர்கிட்ட அவர் வேலை பார்த்துக்கிட்டிருந்தார். அந்த டாக்டர் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்ன விஷயம் இதுதான்: சாகப்போறவங்களைக் கைவிடறவங்களே டாக்டர்கள்தான், நர்ஸ் சொன்னா அவங்க கேட்க மாட்டாங்க, நீயே போய் டாக்டருக்குப் படி. அப்போ சிசிலிக்கு 33 வயசு. 1951-ல் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகளோட பெஞ்சில் உக்காந்து, அதுவரைக்கும் படிக்காத விஞ்ஞானப் பாடங்களை முதலிலிருந்து படிச்சார். 1957-ல் டாக்டர் ஆனார். நர்ஸ், சமூகப் பணியாளர், டாக்டர். மூணு தொழிலும் ஒரே ஆளுக்குள். நம்ம ஊரில் முப்பது தாண்டின பொம்பளை தையல் பயிற்சிக்குப் போறதுக்கே, இந்த வயசுக்கு மேல என்ன படிப்பு என்று கேட்கிறாங்களே, அவங்களுக்காக இதை அழுத்திச் சொல்றேன்.

அடுத்த வருஷம், 1958-ல், லண்டன் கிழக்குப் பகுதியில் ஹாக்னியில் அயர்லாந்து கன்னியாஸ்திரீகள் நடத்தின செயின்ட் ஜோசப் இல்லத்துக்குப் போனார். ஏழைத் தொழிலாளிகள் பகுதி. அந்த சிஸ்டர்கள் அன்பாகப் பார்த்துக்கிட்டாங்க, அதில் குறை சொல்ல முடியாது. ஆனா மருந்துக்கு ஒரு ஒழுங்கு கிடையாது, நோயாளிக்கு ஒரு கேஸ் ஷீட்டும் கிடையாது. அன்பு மட்டும் இருந்து மருந்து தெரியலைன்னா வலி போகாது. மருந்து மட்டும் இருந்து அன்பு இல்லைன்னாலும் போகாது. இவர் போனதும் நாலு மணி நேரக் கணக்கு வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், தூங்கினாங்களா, வாந்தி வந்ததா என்று எழுதி வைக்கிற பழக்கம் வந்தது. ஏழு வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களோட விவரம் சேர்ந்தது. நோயாளிங்க பேசறதை டேப்பில் பதிவும் செய்து வச்சார்.

அந்தக் கணக்கு நோட்டுதான் அவரோட ஆயுதம். மார்பின் கொடுத்தா போதைக்கு அடிமை ஆயிடுவாங்க, கொடுக்கக் கொடுக்க அளவு ஏறிக்கிட்டே போகும், கடைசியில் வேலை செய்யாது, இப்படித்தான் அந்தக் கால டாக்டர்கள் நம்பிக்கிட்டிருந்தாங்க. இல்லை, முறையா கொடுத்தா அப்படி ஆகறதில்லை, இதோ பாருங்க என்று ஏட்டை விரிச்சுக் காட்டினார். கணக்கு எழுதாத குழுவுக்கு வங்கியில் கடன் கிடைக்குமா? நோட்டை ஒழுங்கா வச்சிருக்கிறவங்க பேச்சுக்குத்தான் மதிப்பு.

இதை நான் ஏதோ இங்கிலாந்துக் கதையா மட்டும் எழுதலை. போன வருஷம் ஒரு வீட்டில், மார்பின் மாத்திரை அட்டையை சாமி மாடத்துக்குப் பின்னால் ஒளிச்சு வச்சிருந்தாங்க. இதைக் கொடுத்தா அப்பா சீக்கிரம் போயிடுவார் என்று யாரோ சொல்லியிருக்காங்க. அந்தப் பெரியவர் ராத்திரி முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கார். நர்ஸ் உக்காந்து பொறுமையா எடுத்துச் சொல்லி, மலச்சிக்கல் வரும் அதுக்கு இந்த மருந்து, முதல் ரெண்டு மூணு நாள் தூக்கம் வரும் பிறகு சரியாகும், டாக்டர் எழுதின அளவைத் தாண்டக் கூடாது, பெட்டியைப் பூட்டி வைங்க, என்று ஒவ்வொண்ணா விளக்கின பிறகுதான் எடுத்துக் கொடுத்தாங்க. சிசிலி அம்மா அறுபது வருஷத்துக்கு முன்னாடி லண்டன் டாக்டர்களோட போட்ட சண்டை, நம்ம தெருவில் இன்னும் முடியலை.

செயின்ட் ஜோசப்பில் இருந்தப்போ ஒரு நோயாளிப் பெண்ணிடம் வலி எங்கே என்று கேட்டிருக்கார். முதுகில் ஆரம்பிச்சது, இப்போ உடம்பே பூரா சரியில்லை என்று ஆரம்பிச்ச அந்தப் பெண், தன்னைப் பார்க்கிறதுக்காக வீட்டுக்காரரும் மகனும் வேலைக்குப் போகாமல் நின்னா சம்பளம் போயிடும் என்று சொல்லி, யாருக்கும் தன் கஷ்டம் புரியலை என்று வருத்தப்பட்டு, பேச்சை வேறெங்கோ கொண்டுபோய் முடிச்சாங்களாம். வலியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இதெல்லாம் ஒரு பதிலா? ஆமாம், இதுதான் பதில் என்று புரிஞ்சுக்கிட்டதுதான் சிசிலி அம்மாவோட பெரிய கண்டுபிடிப்பு. உடம்பு வலி, மன வலி, குடும்பக் கவலை, கடவுளே எனக்கு ஏன் இப்படி என்கிற ஏக்கம், நாலும் சேர்ந்து முறுக்கின கயிறு மாதிரிதான் ஒரு ஆளோட வலி. ஒரு புரியை மட்டும் அவிழ்த்தா கயிறு தளராது. இதை முழு வலி என்று சொன்னார். இன்னைக்கு உலகம் பூரா மருத்துவப் புத்தகத்தில் இருக்கு.

எங்க பக்கத்துக் குழுவில் ஒரு அக்கா, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பேர் வேண்டாம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மாத்திரை ரெண்டு அட்டை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒன்றரை மாசம் அக்கா பட்ட பாட்டை எழுத முடியாது. அதுக்குப் பிறகுதான் எங்களுக்கே தெரிய வந்து, நர்ஸ் மூலமா மார்பின் கிடைக்க ஏற்பாடு ஆச்சு. ரெண்டு நாளில் தூங்கினாங்க. ஆனாலும் முகம் தெளியலை. நர்ஸ் கட்டில் ஓரமா உக்காந்து விசாரிச்சா, குழுக் கடன் பாக்கி இருக்கு, மகள் தலையில் விழுமே, கூட்டத்தில் அவளை யாராவது ஒரு வார்த்தை சொல்லிடுவாங்களோ என்று கவலை. குழுவில் பேசி, பாக்கியை எப்படி முடிச்சுக்கறது என்று தீர்மானம் எழுதி, அந்த நோட்டையே கொண்டுபோய் அக்காகிட்ட படிச்சுக் காட்டினோம். அன்னைக்குத்தான் கஞ்சி கேட்டுக் குடிச்சாங்க. பதினோரு நாள் இருந்தாங்க. மார்பினால் போகாத வலியும் உண்டு என்று சிசிலி அம்மா சொன்னதை நான் நம்பறது இதனால்தான்.

அவருக்கும் துக்கம் குறைவில்லை. 1960-ல் செயின்ட் ஜோசப்பில் ஆன்டோனி என்கிற இன்னொரு போலந்துக்காரர், நோயாளியா வந்தவர், மனசுக்கு நெருக்கமாகி சில வாரத்திலேயே இறந்து போனார். அடுத்த வருஷம் அப்பா போனார். பல வருஷமா தோழியாக இருந்த ஒரு நோயாளிப் பெண்ணும் அதே சமயத்தில் போயிட்டாங்க. அடுக்கடுக்காக வந்த சாவு. எந்தத் துக்கம் யாருக்கானது என்றே பிரிச்சுப் பார்க்க முடியாத நிலைமை. துக்கத்தில் கிடக்கிற குடும்பத்தையும் கவனிக்கணும், சாவோட நம்ம வேலை முடியறதில்லை என்கிற எண்ணம் அவருக்கு இங்கே உறுதிப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில் இல்லம் கட்ட பணம் திரட்டினார். திட்டத்தை எழுதி நூற்றுக்கணக்கான பேருக்குக் கடிதம் போட்டார், அறக்கட்டளைகளோட கதவைத் தட்டினார், மருத்துவர்கள் கூட்டத்தில் போய்ப் பேசினார். பிடிவாதக்காரர், கூட வேலை செய்யறவங்களுக்குச் சில சமயம் கஷ்டம்தான் என்று அவரைத் தெரிஞ்சவங்களே எழுதியிருக்காங்க. எனக்கென்னவோ பிடிவாதம் இல்லாம இது நடந்திருக்காது என்றுதான் படுது.

1967 ஜூலையில், லண்டன் தென்கிழக்கில் சிடன்ஹாம் என்கிற இடத்தில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறந்தது. 54 படுக்கை. கிறிஸ்டோபர் என்பவர் வழிப்போக்கர்களைக் காப்பவர் என்று கிறிஸ்தவங்க நம்பிக்கை. சாவும் ஒரு பயணம்தானே என்று அந்தப் பேர். டேவிட் பணம் கொடுத்துப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. அவருக்காக முன்வாசல் பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல் வச்சாங்க. ஜன்னலைச் சுத்தி வீடு கட்டப் பத்தொன்பது வருஷம் ஆச்சு என்று அவர் சொல்லிக்குவார்.

அந்த இல்லம் எப்படி நடந்தது என்று கேட்டா நமக்கு ஆச்சரியமா இருக்கும். ஆஸ்பத்திரி வாடை இல்லை. செடி, பூ, படங்கள். கட்டிலையே தோட்டத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போகலாம். பேரப்பிள்ளைங்க தாத்தா கட்டிலில் ஏறி உக்காரலாம். வேலை செய்யறவங்களோட குழந்தைகளுக்குப் பாலவாடி உள்ளேயே இருந்தது, அந்தச் சத்தம் நோயாளிகளுக்கும் கேட்கும். ஒவ்வொரு மருந்தையும் சோதிச்சு எழுதற ஆராய்ச்சியும் நடந்தது, வெளியிலிருந்து வர்ற டாக்டர், நர்ஸுகளுக்குப் பாடமும் நடந்தது. பராமரிப்பு, படிப்பு, ஆராய்ச்சி மூணும் ஒரே கூரையில் இருக்கணும் என்பது அவரோட கட்டளை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது திங்கட்கிழமை ஏற்பாடு. வாரம் முழுக்க சொந்தக்காரங்க நாள்பூரா வந்து இருக்கலாம். ஆரம்ப காலத்தில் திங்கள் மட்டும் பார்வையாளர் கிடையாது. ஏன்னா, மற்ற நாளில் வீட்டுக்காரங்க மனசு கேட்காமல் ஓடி ஓடி வருவாங்க, ஒரு நாளாவது குற்ற உணர்ச்சி இல்லாமல் துணி துவைக்கட்டும், தூங்கட்டும் என்று. நோயாளியைப் பார்க்கிற பொம்பளைக்கும் ஓய்வு வேணும் என்று நினைச்ச இடம் அது. நம்ம வீட்டில் மாமியாரை ரெண்டு வருஷமா புரட்டிப் போட்டுத் துடைச்சு எடுக்கிற மருமகளுக்குத் திங்கட்கிழமை என்று ஒண்ணு உண்டா?

1969-ல் அடுத்த அடி. எல்லோருக்கும் கட்டில் போட முடியாது, பல பேருக்குத் தன் வீட்டில் இருக்கத்தான் ஆசை. அதனால் நர்ஸும் டாக்டரும் வீடு தேடிப் போக ஆரம்பிச்சாங்க. மருந்தைக் குறிச்சுக் கொடுத்து, படுக்கைப் புண் வராமல் புரட்டவும், வாயைச் சுத்தம் பண்ணவும் வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. ஆள் இறந்த பிறகும், தனியா விடப்பட்ட கணவனையோ மனைவியையோ போய்ப் பார்த்தாங்க. கோலின் மரே பார்க்ஸ் என்கிற மனநல மருத்துவர் இதற்குத் துணையாக இருந்தார். நம்ம நர்ஸ் வண்டியில் வர்றாங்களே, அதோட மூதாதை இந்தத் திட்டம்தான்.

பிறகு இந்த வேலை நாடு நாடாகப் பரவியது. கனடாவிலிருந்து வந்து பார்த்துட்டுப் போன பால்ஃபோர் மவுண்ட் என்கிற டாக்டர்தான் இதுக்கு இங்கிலீஷில் பாலியேட்டிவ் கேர் என்று பேர் வச்சார். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு ஒரு முறை வெளியிட்டது. முடிஞ்சவரை வாய்வழியா கொடு, கடிகாரம் பார்த்துக் கொடு, வலிக்கு ஏத்த மாதிரி படிப்படியா ஏற்று. படிச்சாலே தெரியும், செயின்ட் லூக்ஸ்லயும் ஹாக்னியிலயும் நடந்ததுதான். அதே வருஷம் மும்பையில் சாந்தி அவேத்னா சதன், இந்தியாவின் முதல் இல்லம், திறந்தது. 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பிச்சு, கேரளாவில் சாதாரண ஜனங்களே பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்த்துக்கப் பயிற்சி எடுத்தாங்க. ஆனா 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்பின் வச்சிருக்கவே ஆஸ்பத்திரிகள் பயந்தன. அபின் விளையற நாட்டிலேயே நோயாளிக்கு அது எட்டாக்கனி. 2014-ல் சட்டத்தைத் திருத்தின பிறகுதான் வழி கொஞ்சம் லேசாச்சு. நம்ம தமிழ்நாட்டில் 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தப்போ நோய் ஆதரவு சிகிச்சையும் அதில் சேர்ந்தது, அந்த வேலையில் நம்ம குழுப் பெண்களும் சேர்ந்தோம்.

ஒரு விஷயத்தில் அவர் கடைசி வரைக்கும் அசையவே இல்லை. கஷ்டப்படறவங்களை ஊசி போட்டு அனுப்பிடலாம் என்று சட்டம் கேட்டவங்களை எதிர்த்து நின்னார். வலியை அடக்கி, நீ யாருக்கும் பாரம் இல்லை என்று காட்டினா, சாகணும் என்று கேட்கிறவங்க ரொம்பக் குறைவு என்பது அவர் அனுபவம். இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம தென் மாவட்டங்களில் சொல்ற தலைக்கூத்தல் நினைவு வந்தது. எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, பெரியவங்களை அனுப்பி வைக்கிற பழக்கம். செய்தவங்களை அரக்கர்கள் என்று எழுத எனக்கு மனசு வரலை. கூலிக்குப் போனாத்தான் அடுப்பு எரியும், வீட்டில் பார்க்க ஆள் இல்லை, வலிக்கு மருந்து இல்லை. ஆனா மருந்தும் ஆளும் கிடைக்கிற காலத்தில் அந்தப் பேச்சுக்கு இடமே இருக்கக் கூடாது. இதைக் கூட்டத்தில் பேசவே கூச்சப்படறோம். பேசணும்.

1980-ல், 61 வயசில், மரியன் பொஹூஷ் ஷிஷ்கோ என்கிற போலந்து ஓவியரைக் கல்யாணம் செய்துக்கிட்டார். அவர் படம் ஒண்ணை 1963-ல் வாங்கினதில் ஆரம்பிச்ச பழக்கம். மாப்பிள்ளைக்கு வயசு எழுபதுக்கு மேல். யார் என்ன சொல்வாங்க என்று இவர் கவலைப்பட்டதாகத் தெரியலை. முதுமையில் உடம்பு தளர்ந்த கணவரைப் பல வருஷம் பார்த்துக்கிட்டார். அவர் 1995-ல் செயின்ட் கிறிஸ்டோபரிலேயே காலமானார். இங்கிலாந்து அரசு டேம் பட்டமும், 1989-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்கிற உயர்ந்த விருதும் சிசிலிக்குக் கொடுத்தது. உலகம் பூராவிலிருந்தும் பட்டங்கள் வந்தன. அதையெல்லாம் வரிசையா எழுதினா பக்கம் போதாது.

கடைசியில் அவருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. 2005 ஜூலை 14-ல், 87-வது வயதில், தான் கட்டின அதே இல்லத்தில் இறந்தார். திடீரென்று சாகிறதைவிட, முன்னாடியே தெரிஞ்சு சாகிறதுதான் தனக்கு விருப்பம் என்று அதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கார். நன்றி சொல்லவும், மன்னிப்புக் கேட்கவும், விஷயங்களை ஒழுங்கு பண்ணவும் நேரம் கிடைக்குமாம்.

நம்ம ஊராட்சியில் யார் வீட்டிலாவது படுக்கையில் கிடக்கிறவங்க, புற்றுநோய் முத்தினவங்க, பக்கவாதத்தில் விழுந்தவங்க இருந்தா, உங்க பகுதி சுகாதாரத் தன்னார்வலர்கிட்ட சொல்லுங்க, இல்லைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு, பழைய மருந்து அட்டை, ஸ்கேன் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் எடுத்து வைங்க. வலி எத்தனை மணிக்கு வருது, ராத்திரி தூங்கினாங்களா என்று ஒரு நோட்டில் எழுதி வைங்க. நர்ஸ் வந்ததும் முதலில் கேட்கிறது அந்த நோட்டைத்தான்.